இருபது ரூபாய் போல்ட்டுக்கு இருக்கிற ஜாதகம்

போன லீவுல சிப்காட்ல ஒரு கம்பெனியில் 15 நாள் இன்பிளான்ட் டிரெய்னிங் போனேன். முதல் நாளே சூப்பர்வைசர் அண்ணன் ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்து, "தம்பி, இதோட ஜாதகத்தைச் சொல்லு பார்ப்போம்" என்றார். முழித்தேன். அவரே தலையில் இருந்த நம்பரைக் காட்டினார். எந்த ஹீட்டில் உருகிய ஸ்டீல், எந்த பேட்ச், யார் செக் பண்ணினது, எல்லாம் அந்த நம்பருக்குப் பின்னால் இருக்கிறது. சர்ட்டிபிகேட் இல்லாமல் வரும் லாட்டுக்குச் சிவப்பு டேக் போட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் லைனுக்குப் போகாது.

இருபது ரூபாய் சாமானுக்கே இவ்வளவு கெடுபிடி. இப்போ இன்னொரு சாமானைப் பார்ப்போம்.

தஞ்சாவூரை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் அவர் மகன் சிவாஜியும் சேர்ந்து இருக்கும் ஓர் ஓவியம். சுமார் 200 வருடப் பழசு. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருந்து திருடு போனது என்கிறது நம் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு. 2006-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பீபாடி எசெக்ஸ் மியூசியம் இதை 35,000 டாலருக்கு வாங்கியது. அன்றைய கணக்கில் 16 லட்சம் ரூபாய்க்குப் பக்கம். விற்றவர் நியூயார்க்கில் கேலரி வைத்திருந்த சுபாஷ் கபூர். கூடவே கொடுத்த பேப்பர் போலி. 2015-இல்தான் மியூசியம் ஓவியத்தை அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. கபூர் 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்டு, அடுத்த வருடம் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022-இல் ஒரு சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 வருடம் தண்டனை கொடுத்தது.

ஒரு ராஜாவின் படத்துக்குச் சிவப்பு டேக் போட ஒன்பது வருடம் ஆகியிருக்கு. நம்ம ஸ்டோர்ஸ் அண்ணன் ஒன்பது நிமிஷத்தில் போட்டிருப்பார்.

இதைச் சொன்னதும் ரூம்மேட் கேட்டான்: "அப்போ பழைய ஓவியத்தை ஏலம் விடுறதே தப்பாடா?" இல்லை மச்சி. 2023-இல் ரவிவர்மாவின் யசோதை-கிருஷ்ணன் ஓவியம் மும்பை ஏலத்தில் 38 கோடிக்குப் போனது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ரவிவர்மா ஓவியங்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது. ஏலத்துக்கு முன்னால் கேட்லாக்கில் படம் போடுவார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். களவாணிக்கு அந்த வெளிச்சம் ஆகாது. சரபோஜி படம் மியூசியத்துக்குக் கேலரியில் கைமாறிய சரக்கு. அதனால் விற்பது பிரச்சினை இல்லை. ஜாதகம் கேட்காமல் வாங்குவதுதான் பிரச்சினை.

"அங்கே ஏசியில் பத்திரமாத்தானே வெச்சிருக்காங்க" என்பது அடுத்த வாதம். பத்திரம் வேறு, பாத்தியதை வேறு. உன் பைக்கைத் திருடினவன் தினமும் துடைத்து வைத்தால், பைக் அவனுடையதாகிவிடுமா?

ஆனால் பைக்குக்கு ஆர்சி புக் இருக்கு. நம்முடையது என்று நிரூபிக்க நம்மிடம் என்ன இருக்கு? ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை தெரிந்திருக்கும். அதே கபூர் 2008-இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலிய தேசிய கேலரிக்கு விற்ற சிலை. 2014-இல் திரும்பி வந்தது. காரணம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்றோ எடுத்து வைத்திருந்த கருப்பு வெள்ளை போட்டோ. போட்டோ இருந்ததால் சாமி வீடு வந்து சேர்ந்தது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் எத்தனை நடுகல்! மாடு மீட்கப் போய்ச் செத்தவனின் உருவம். சிலதில் அவன் பேர், எந்த ராஜா காலம் என்பதும் இருக்கும். தமிழிலும் உண்டு, கன்னடத்திலும் உண்டு. என்னைக் கேட்டால் நம்ம மண்ணின் போர்ட்ரெய்ட் கேலரி இதுதான். ராஜாவுக்கு இல்லை, சாதாரண ஆளுக்கு. லேஅவுட் போடும் ஜேசிபிக்கு அது வெறும் கல். திருடனுக்கு அது டாலர்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் சில நடுகற்கள் பத்திரமாக இருக்கு. வெளியே நிற்பவை? நம்மிடம் போன் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை இருக்கு. ஊருக்குப் போகும்போது நாலு பக்கமும் போட்டோ எடுங்க, அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைங்க, தேதியும் இடமும் எழுதுங்க. கல்லில் சுண்ணாம்பு தடவாதீங்க. இடத்தை இன்ஸ்டாவில் போடாதீங்க, அது திருடனுக்கு மேப். அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுங்க.

நாளைக்கு அந்தக் கல் ஏதோ ஒரு நாட்டு ஏலத்தில் வந்து நின்றால், "இது எங்க ஊர்க்காரன்" என்று சொல்ல ஒரு போட்டோவாவது இருக்கும். போல்ட்டுக்குக் கொடுக்கிற மரியாதையை நம்ம ஆளுக்கும் கொடுப்போமே.