படர்தாமரையும் சீமையகத்தியும்

கன்றின் கண்ணோரத்திலும் கழுத்திலும் மயிர் உதிர்ந்து, சாம்பல் நிறப் பொருக்குடன் வட்டத் தழும்பு உண்டாகிறது. சில தினங்களில் அக்கன்றைக் கட்டி அவிழ்க்கும் சிறுவனின் முன்கையில் சிவந்த வளையம் தோன்றுகிறது. இவை இரண்டும் வெவ்வேறு வியாதிகளல்ல. பூசணத்தால் உண்டாகும் படர்தாமரையே. நாய், பூனைகளிடமிருந்தும் இது மனிதருக்குத் தொற்றும்.

இதற்குச் சேலம், நாமக்கல் சமவெளிக் குடியானவர்கள் அறிந்த பச்சிலை, வண்டுகொல்லி எனப்படும் சீமையகத்தி. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த இச்செடியின் இலையில் பூசணத்தை ஒடுக்கும் சத்து உண்டு. பிலிப்பைன்ஸ் தேசத்துச் சுகாதாரத் துறை அங்கீகரித்த பத்து மூலிகைகளுள் இதுவும் ஒன்று. தழும்பு சிறிதாக இருக்கையில், பசிய இலையைக் கழுவி அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தினம் இருமுறை பூசலாம். எரிச்சல் கண்டால் நிறுத்திவிட வேண்டும். கண்ணருகில் பூசலாகாது. பூனையும் நாயும் பூச்சை நக்கி விழுங்குமாதலால், கால்நடை மருத்துவரைக் கேளாமல் அவற்றுக்குப் பூசுதல் தகாது.

ஆயினும் இலையை மட்டும் நம்புவது பாதி வைத்தியமே. கன்றுகளின் படர்தாமரை பெரும்பாலும் சில மாதங்களில் தானே தணியும். அப்பெருமை இலைக்குப் போய்ச் சேருவதுண்டு. ஆனால் உதிர்ந்த பொருக்கிலுள்ள வித்துக்கள் கட்டுத்தறியிலும் கயிற்றிலும் பல மாதங்கள் உயிருடன் தங்கி, அடுத்த கன்றைப் பற்றும். ஆகையால் நோயுற்ற கன்றைத் தனியே கட்டுதலும், தறியைத் தேய்த்துக் கழுவுதலும், கயிற்றை மாற்றுதலும், வீட்டாருக்கும் அதே சமயத்தில் சிகிச்சை செய்தலும் அவசியம்.

இலையினும் பெரிய அபாயம் கடைக் களிம்பே. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை உடனே அடக்கும். உள்ளே பூசணமோ பரவும். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளின் மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தது. அவற்றைச் சீட்டின்றிக் கேட்டு வாங்கும் வழக்கத்தைக் குடியானவர்கள் கைவிடல் வேண்டும். குழந்தையின் தலையில் கண்டாலும், உடலில் பரவினாலும் ஆரம்ப சுகாதார நிலையம் செல்வதே முறை. தலைப் படர்தாமரை உள்மருந்தின்றித் தீராது.

கால்நடைகளுக்கு 1985 முதல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்து வருகிறது. கன்றுக்கு ஒரு வைத்தியம், சிறுவனுக்கு வேறொரு நாள் வைத்தியம் என்றிராமல், இருவரையும் ஒரே வாரத்தில் காட்டும்படி கிராம அலுவலர்கள் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாயின், வேலியோரச் சீமையகத்தியும் தன் பங்கைச் செவ்வனே செய்யும்.