எண்களிலும் ஒரு ஜங்ஷன்

அரக்கோணத்தில் ரயில் பாதை நான்காகப் பிரிகிறது: சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கற்பட்டு. எண்களிலும் இத்தகைய ஜங்ஷன்கள் உண்டு. 12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 6. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை.

கும்பகோணத்தில் வளர்ந்த நம் ராமாநுஜன், 1915-ல் லண்டனில் வெளியான கட்டுரையில், இவ்வித எண்களை 67,46,32,83,88,800 வரை வரிசைப்படுத்தினார். இக்கடைசி எண்ணுக்கு வகுத்திகள் 10,080! மின்கணினி தோன்றாத காலம் அது.

ஆயினும் 2,93,31,86,25,600 என்ற ஓர் எண் அவ்வரிசையில் விடுபட்டுவிட்டது. அதற்கு வகுத்திகள் 5,040. அதை 23-ஆல் பெருக்கினால், அவரது கடைசி எண்ணே வந்து நிற்கிறது! நேயர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம்.

மேதையின் கணக்கைச் சரிபார்ப்பது அவமரியாதையன்று. கணித சாஸ்திரத்துக்கு நாம் செய்யும் வந்தனம் அதுவே.