நிலாவிலிருந்து தெரிகிறதாம்!



"நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும்" என்ற ஃபார்வர்டு இந்த வாரமும் குடும்பக் குழுவில் வந்தது. அனுப்புவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடாதா? சுவரின் அகலம் பல இடங்களில் ஐந்தாறு மீட்டர்தான். நிலாவின் தூரமோ சுமார் 3,84,000 கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் தலைமுடியைத் தேடுவது போலத்தான். "நீளமான சுவராயிற்றே" என்பீர்கள். முடியும் நீளம்தானே! 2003-இல் விண்வெளிக்குப் போன சீன வீரர் யாங் லிவெய், சில நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்தே சுவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

வியக்க வேண்டியது வேறு. அது ஒரே சுவர் அல்ல. பல அரச மரபுகள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கட்டிய சுவர்கள். எல்லாம் சேர்த்து 21,196 கிலோமீட்டர் என்று 2012-இல் சீன அரசு அறிவித்தது. பழைய சுவர்கள் பெரும்பாலும் இடித்து இறுக்கிய மண். மிங் காலத்தில் (1368–1644) பல இடங்களில் கல்லும் செங்கல்லும் வந்தன. நம்மவர்கள் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தது போல, அவர்கள் பசையரிசிக் கஞ்சி சேர்த்தார்கள். எதிரி வந்தால் கோபுரங்களில் பகலில் புகை, இரவில் தீ.

இவ்வளவு உண்மை இருக்கும்போது பொய் எதற்கு? உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். இதைக் கேள்வி கேட்காமல் நம்பும் பிள்ளை, நாளை நம் ஊர்க் கோட்டையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பும். அடுத்த முறை இது வந்தால் பிள்ளையிடம் பென்சிலைக் கொடுங்கள். கணக்கை அதுவே போடட்டும்.