கடைசிப் பன்னிரண்டு அத்தியாயங்கள்

பள்ளிக்கூடத்தில் பாடமாக வைக்கப்பட்ட ஒரு மகத்தான நவீனத்தைக் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்து முடித்த மாணவன், ஆனந்தத்துக்குப் பதிலாக ஆத்திரத்தோடு புத்தகத்தை மூடுவானாகில், அந்த ஆத்திரத்தை வயதின் அவசரம் என்றோ ரசனைக் குறைவு என்றோ ஒதுக்கிவிட்டு, முடிவின் பொருத்தத்தை அவனுக்கு விளக்கிச் சமாதானம் செய்வது உபாத்தியாயர்களிடம் வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டுவரும் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ விஷயத்தில் இந்த வழக்கம் பெரிய அநீதியாகவே முடிகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த நூலின் முடிவைக் கண்டு கோபிக்கிற பதினாறு வயதுப் பிள்ளை, நூலைச் சரியாகப் படித்த பிள்ளை.

குடிகாரத் தகப்பனின் அடிக்குத் தப்பி ஓடிய ஹக் என்ற சிறுவனும், எஜமானியான மிஸ் வாட்ஸன் தன்னை எண்ணூறு டாலருக்குத் தெற்கே விற்கப்போகிறாள் என்பதை ஒட்டுக்கேட்டு ஓடிவந்த ஜிம் என்ற அடிமையும், மிஸிஸிப்பி நதியில் ஒரு மரத்தெப்பத்தில் சேர்ந்து பிரயாணம் செய்கிறார்கள். ஒஹையோ நதி வந்து கலக்கும் கெய்ரோ என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்து நீராவிக் கப்பலேறி, அடிமை முறை இல்லாத மாநிலங்களுக்குப் போய்விடுவது அவர்கள் திட்டம். மூடுபனியில் அந்த ஊர் தப்பிப்போகிறது. தெப்பம் அவர்களைச் சுமந்துகொண்டு, அடிமை வாழ்வு இன்னும் கொடுமையாக இருக்கும் தென்திசைக்கே மிதந்துசெல்கிறது.

அந்தப் பனி இரவில் இருவரும் பிரிந்து, ஹக் இறந்தே போனான் என்று ஜிம் அழுது ஓய்ந்து தூங்கிய பிறகு, திரும்பி வந்த ஹக், நடந்ததெல்லாம் வெறும் சொப்பனம் என்று அவனை நம்பவைத்து வேடிக்கை பார்க்கிறான். தெப்பத்தில் குவிந்துகிடக்கும் இலைகளையும் சருகுகளையும் பார்த்து உண்மையை உணர்ந்த ஜிம், நேசிக்கிறவனை அவமானப்படுத்துகிறவன் எவ்வளவு அற்பன் என்பதை நிதானமாகச் சொல்லிவிட்டு எழுந்து போகிறான். ஓர் அடிமையிடம் போய் மன்னிப்புக் கேட்பதற்கு வெள்ளைக்காரப் பையன் தன் மனத்தைப் பக்குவப்படுத்திக்கொள்ளப் பதினைந்து நிமிஷம் ஆகிறது. ஆனாலும் கேட்கிறான், கேட்டதற்காகப் பின்னர் வருந்தவும் இல்லை. இன்னொரு நாள் விடியற்காலையில், செம்புள்ளிக் காய்ச்சலில் பிழைத்தெழுந்த தன் நான்கு வயது மகள், கதவைச் சாத்தச் சொல்லியும் சாத்தாமல் சிரித்துக்கொண்டே நின்றாள் என்று அவளை அறைந்ததையும், சற்றுப் பொறுத்து அவள் முதுகுக்குப் பின்னால் காற்றில் கதவு படீரென்று அறைந்தபோது குழந்தை சிறிதும் திடுக்கிடாமல் நின்றதைக் கண்டு, அவளுக்குக் காது கேட்காது என்று தெரிந்துகொண்டதையும் ஜிம் சொல்லி அழுகிறான். அந்த ஒரு பக்கத்தைப் படித்தவர்கள் ஜிம்மை மறுபடியும் ஒரு கோமாளியாகப் பார்க்கச் சம்மதிக்கமாட்டார்கள். முப்பத்தோராவது அத்தியாயத்தில், ஜிம் இருக்குமிடத்தைத் தெரிவித்து மிஸ் வாட்ஸனுக்கு எழுதிய கடிதத்தை ஹக் கிழித்தெறிந்து, நரகமே கிடைத்தாலும் சரி என்று துணியும்போது, கதை தன் சிகரத்தைத் தொட்டுவிடுகிறது.

அதற்குப் பின் வரும் பன்னிரண்டு அத்தியாயங்கள்தாம் வழக்குக்குரியவை. போலி ராஜா ஒருவன் நாற்பது டாலருக்குக் காட்டிக்கொடுத்ததால் ஃபெல்ப்ஸ் என்பவரின் பண்ணைக் குடிசையில் சங்கிலியோடு கிடக்கும் ஜிம்மை ஒரே இரவில் மீட்டுவிடலாம். ஆனால் தற்செயலாக அங்கே வந்துசேரும் ஹக்கின் பழைய சிநேகிதன் டாம் சாயர், சாகசக் கதைகளில் ராஜகுமாரர்கள் சிறையிலிருந்து தப்பிய விதமாகத்தான் இதுவும் நடக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். கைதிக்குத் துணையாக எலிகளும் சிலந்திகளும் பாம்புகளும் குடிசைக்குள் விடப்படுகின்றன. படுக்கை விரிப்பைக் கிழித்துத் திரித்த நூலேணி பணியாரத்துக்குள் வைத்துச் சுடப்படுகிறது. எழுதவே தெரியாத ஜிம், சட்டைத் துணியில் ரத்தத்தால் தினக்குறிப்பு எழுதவேண்டுமாம். கைதியின் சோக வாசகங்களைப் பொறிக்க ஒரு சாணைக்கல் தேவைப்படுகிறது. பையன்களால் அதை உருட்டிவர முடியவில்லை. அப்போது ஜிம் என்ன செய்கிறான்? கட்டிலைத் தூக்கி, அதன் காலிலிருந்து சங்கிலியைக் கழற்றி, கழுத்தில் சுற்றிக்கொண்டு, அவர்கள் தோண்டிய துவாரத்தின் வழியே வெளியே வந்து, டாம் மேற்பார்வை செய்ய, ஹக்கோடு சேர்ந்து கல்லைக் குடிசைக்குள் உருட்டிவிட்டு, மறுபடி சங்கிலிக்குள் போய்விடுகிறான். வெளியே வந்து நின்றவனை மீண்டும் உள்ளே அனுப்பும் இந்தக் காட்சியைப் படித்துவிட்டு ஒரு மாணவன் புத்தகத்தை மேஜைமேல் அறைந்தால் அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வராது. வாழ்நாள் முழுதும் இந்த விளையாட்டை நீட்டித்து, மீட்கும் வேலையைத் தங்கள் பிள்ளைகளுக்கே விட்டுச்செல்லலாம் என்றுகூட டாம் ஆசைப்படுகிறான். இத்தனையும் ஆன பிறகு தெரியவருவது, மிஸ் வாட்ஸன் இரண்டு மாதத்துக்கு முன்பே இறந்துபோனாள், உயிலில் ஜிம்மை விடுதலை செய்திருந்தாள், டாமுக்கு அது தொடக்கத்திலிருந்தே தெரியும் என்பது.

இந்த முடிவுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் சாமானியர்கள் அல்லர். 1948-இல் லயனல் டிரில்லிங், இப்பகுதி தரத்தில் இறங்கினாலும் உருவத்தில் பொருத்தமானது என்றார். மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள செயின்ட் லூயியில் பிறந்த டி. எஸ். எலியட் 1950-இல், தொடக்கத்தின் மனநிலைக்கே கதை திரும்புவது முறைதான் என்றார். இவ்விருவருக்கும் 1953-இல் பதில் எழுதிய லியோ மார்க்ஸ், உருவத்தின் ஒருமையைக் காப்பாற்றுவதற்காகப் பிரயாணத்தின் லட்சியத்தையே இவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று சுட்டினார். அவர் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன். வட்டம் பூர்த்தியாகிறது என்பது ஓவியனுக்குச் சமாதானமாகலாம். அந்த வட்டத்துக்குள் ஒரு மனிதன் எலிகளோடு கட்டுண்டு கிடக்கிறான்.

இன்னொரு சமாதானம் இதைவிடக் கனமானது. நூல் எழுதி முடிந்த 1883-ஆம் வருஷத்தில்தான், விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்குச் சம உரிமை வழங்கிய 1875-ஆம் வருஷச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. அதற்கு ஆறு வருஷம் முன்பே மத்திய அரசின் துருப்புகள் தென் மாநிலங்களிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தன. சட்டப்படி சுதந்திரமானவனைக் கட்டிப்போட்டு, விடுவிப்பதாகப் பாசாங்கு செய்து விளையாடும் டாம், அந்தத் தேசத்தின் பிரதிபிம்பமே என்று சில விமர்சகர்கள் வாதிக்கிறார்கள். மனத்தைக் கவரும் வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கவும் கூடும். ஆயினும் ட்வைன் அடுத்த வருஷக் குளிர்காலத்தில் ஜார்ஜ் கேபிள் என்ற எழுத்தாளரோடு ஊர் ஊராகச் சென்று, ஜிம்மை மீட்கும் இதே அத்தியாயங்களை மேடையில் படித்துக் காட்டி, சபையோரின் சிரிப்பில் பூரித்துப்போனார் என்பதையும் மறக்கக் கூடாது. தேசத்தைக் குத்திக்காட்ட எழுதியதாகவே வைத்துக்கொண்டாலும், அந்தக் குத்து உறைக்க வேண்டுமானால் வாசகனுக்குக் கோபம் வந்தாக வேண்டும். கோபத்தை முதலில் தணித்துவிட்டு அங்கதத்தை அப்புறம் விளக்குகிற வகுப்பில் இரண்டுமே தொலைந்துபோகின்றன.

தன் சொந்தத் தேசத்தின் நவீன இலக்கியம் முழுதும் இந்த ஒரு நூலிலிருந்தே பிறந்ததாக 1935-இல் எழுதிய ஹெமிங்வே, ஜிம் பிடிபடும் இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடும்படியும், மிச்சமெல்லாம் ஏமாற்று என்றும் சொன்னார். பாதியில் எரிச்சலடையும் மாணவனுக்கு இது இனிக்கும். எனினும் இந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன். தப்பியோடும்போது டாமின் காலில் குண்டு பாய்ந்ததும், டாக்டர் வராமல் ஓர் அடிகூட நகரமாட்டேன் என்று நிற்பவன் ஜிம். டாக்டர் வந்தால் தான் பிடிபடுவது நிச்சயம் என்று தெரிந்தே நிற்கிறான். பிடிபடுகிறான்; தலையில் அடிபடுகிறான்; கைகால்களில் விலங்கு பூட்டப்படுகிறான்; வேடிக்கைக் கதைக்குள் எழுத்தாளரே அடைத்துவைத்த அந்த மனிதன் தன் பழைய கம்பீரத்தோடு ஒரு கணம் எழுந்துவிடுகிறான். முப்பத்தோராம் அத்தியாயத்தோடு மூடியவர்களுக்கு இது கிட்டாது. கோபத்தோடேயே கடைசிவரை படிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். எந்தப் பக்கத்தில் கோபம் வந்தது, அந்தப் பக்கத்தில் ஜிம் பேசுகிறானா, பேசினால் சம்மதிப்பதைத் தவிர வேறு ஏதாவது பேச விடப்படுகிறானா என்று குறித்துவரச் சொல்வேன். ‘முடிவின் பொருத்தத்தை நிறுவுக’ என்ற தோரணையில் வினாக் கொடுத்து, தானே நம்பாத ஒன்றை மாணவனை எழுதவைத்து மதிப்பெண் போடுவதைவிட மோசமான இலக்கியப் பயிற்சி வேறில்லை.

இப்படிக் குறித்துப் படிக்கிறவன் கண்ணில் ஒரு தொகை தட்டுப்படும். ஓடிப்போன அடிமைகளைத் தேடி நதியில் வந்தவர்கள், தெப்பத்தில் அம்மை நோயாளி இருப்பதாக எண்ணி, கிட்டே வரப் பயந்து ஹக்கிடம் மிதக்கவிட்டது இருபது டாலர் தங்க நாணயங்கள் இரண்டு. போலி ராஜா ஜிம்மை விற்றது நாற்பது டாலருக்கு. இத்தனை நாளும் பொறுமையான கைதியாக இருந்ததற்கு டாம் கடைசியில் ஜிம்முக்குக் கொடுப்பதும் நாற்பது டாலர். ஜிம் மனமகிழ்ந்து அதை வாங்கிக்கொள்கிறான். கெய்ரோவை எதிர்பார்த்துத் தெப்பத்தில் பரபரத்திருந்தபோது அவன் போட்ட கணக்கு வேறு: சுதந்திர பூமியில் ஒரு காசும் செலவழிக்காமல் உழைத்துச் சேர்த்து, முதலில் மனைவியை விலைக்கு வாங்குவது, பிறகு இருவரும் உழைத்துக் குழந்தைகளை வாங்குவது, எஜமானன் விற்க மறுத்தால் ஆள் வைத்தாவது கவர்ந்துவருவது. நாவலின் கடைசி அத்தியாயத்தில் அந்த மனைவியைப் பற்றியோ, காது கேளாத அந்த மகளைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. ட்வைனின் நூலுக்கு 140 வருஷம் பின்னால் எழுதிய பெர்சிவல் எவரெட், 2024-இல் வெளியான ‘ஜேம்ஸ்’ என்ற தமது நாவலில் கதையை ஜிம்மின் வாயாலேயே சொல்லவைத்து, மனைவியையும் மகளையும் மீட்கத் திரும்பிச் செல்பவனாக அவனை ஆக்கியிருக்கிறார். அந்த நாவலுக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தகப் பரிசும் புலிட்சர் பரிசும் கிடைத்திருக்கின்றன. ட்வைனின் முடிவில் குறைந்துபோனது எது என்று கேட்டு ஒரு வகுப்பு ஒரு மணி நேரம் செலவழிக்குமானால், அந்தத் தாயும் குழந்தைகளும் இப்போது யார் வசத்தில் இருக்கிறார்கள், நாற்பது டாலரை வைத்துக்கொண்டு ஜிம் அவர்களில் யாரை மீட்க முடியும் என்ற கணக்கிலிருந்து அந்த வகுப்பு தொடங்கட்டும்.