அறைத்தோழியும் நித்திரையும்

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் படிக்க வரும் பிள்ளைகள் முதல் ஆண்டில் இழப்பவற்றுள் முதன்மையானது நித்திரையே என்பது, இந்நகரில் நெடுங்காலம் வாழ்ந்து, அவர்களிற் பலரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்துப் பழகிய என் தீர்மானமான அபிப்பிராயம். அவர்களுக்கு உபதேசம் செய்வோருக்குக் குறைவில்லை. கைப்பேசியை எட்ட வை, மாலைக்குமேல் காப்பி குடிக்காதே, வெந்நீரில் கால் கழுவு என்பார்கள், யாவும் சரியே. காப்பியின் சத்தில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகுமாதலால், இரவு ஒன்பதுக்குக் குடித்தவன் பின்னிரவு இரண்டுக்கும் அதன் ஆட்சியிலேயே கிடக்கிறான். ஆயினும் இவ்வுபதேசங்கள் அனைத்தும் ஒருவன் தனியறையில் தன் இஷ்டப்படி வாழ்கிறான் என்ற அநுமானத்தின்மேல் நிற்கின்றன. விடுதி வாழ்க்கையோ அப்படிப்பட்டதன்று.

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகே விடுதி மெஸ்களில் கூட்டங்களும் சொற்பொழிவுகளும் ஆரம்பமாகும். அவை கலைந்தபின் வாதம் கங்கா தாபாவின் தேநீரோடு நீளும். அதை வீண்பொழுது என்று நான் ஒருபோதும் சொல்லேன். கல்வியில் ஒரு பாதி அங்கேதான் நடக்கிறது. முகர்ஜி நகரின் வாடகை அறைகளிலோ, பலகைத் தடுப்புக்கு அப்பால் படிப்பவர் நாற்காலியை நகர்த்துவதும் இப்பால் கேட்கும். டிசம்பரில் பருவத் தேர்வும் கல்யாண சீசனும் ஒருங்கே வந்து சேர்கின்றன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாதென்று 2000-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த மக்களைப் போலீஸார் 2011 ஜூன் 4-ஆம் தேதி நள்ளிரவில் கலைத்தது பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012-இல் நித்திரையையும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையோடு சேர்த்தே பேசிற்று. அடுத்த கட்டிலில் விழித்திருப்பவரிடம் மட்டும் எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

இங்கே எனக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்களின் காலக்கணக்கை ஆராய்ந்த எம்.கே. சந்திரசேகரன் நினைவுக்கு வருகிறார். அவரும் அவருடைய சகாக்களும், பகலிரவு தெரியாத குகையின் உட்புறத்தில் ஒரு வௌவாலைக் கூண்டிலிட்டு, அதன் நடமாட்டத்தைப் பதிவுசெய்தார்கள். அக்குகையில் வாழ்ந்த வௌவால் கூட்டத்தார் அந்தியில் வெளிச்சென்று விடியலில் திரும்பி வந்துகொண்டிருந்த வரையில், சூரியனையே காணாத அந்தக் கைதி நாள் தவறாமல் அவர்களோடு ஒத்த நேரத்தில் விழித்து ஓய்ந்தது; சகவாசமற்ற குகையில் தனியே வைத்தபோதோ, அதன் கடிகாரம் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போயிற்று. 1981-இல் வெளியான இந்த ஆராய்ச்சியை விடுதிக் காப்பாளர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மனிதனுக்கு வெளிச்சமே தலையாய வழிகாட்டி என்பதை மறுக்கவில்லை. ஆனால் விளக்கை அணைக்கும் விரல், விடுதியில் இன்னொருவருடையதாகவும் இருக்கிறதல்லவா?

என் அண்ணன் மகளின் அறைத்தோழி பாட்னாவைச் சேர்ந்தவள். முதல் பருவம் முழுவதும் ஒருத்தி உறங்க முயலும்போது மற்றவள் தாயாரோடு தொலைபேசியில் பேசுவதும், ஒருத்தி எழும்போது மற்றவள் சலித்துக்கொள்வதுமாகக் கழிந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு நியதி வகுத்துக்கொண்டார்கள். பத்தரைக்குள் தொலைபேசிப் பேச்சு முடிந்துவிட வேண்டும். கைப்பேசிகள் இரண்டும் கதவோரத்து அலமாரியில் சார்ஜில் கிடக்கும். ட்யூப்லைட் அணைந்து, சுவர்ப்பக்கம் திருப்பிய மேசை விளக்கு மட்டும் எரியும். மறுநாளைக்கான பை அந்த மங்கலிலேயே கட்டப்படும். ஜனவரியில் கீஸர் வெந்நீரைப் பக்கெட்டில் பிடித்து வந்து, ஒரே பக்கெட்டில் நான்கு கால்களும் நனைய, கட்டில் விளிம்பில் அமர்ந்திருப்பார்களாம். இதில் வெறும் சுகம் மட்டுமன்று, சாஸ்திரமும் உண்டு: பாதங்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து உடலின் உட்சூடு வெளியேற, அந்தத் தணிவிலேதான் நித்திரை வந்து கூடுகிறது. அதன்பின் ரஜாய்க்குள் புகுந்துவிடுவார்கள். மே மாதத்தில் பக்கெட் அதுவே, நீர் மட்டும் குளிர்ந்தது.

பரீட்சைக் காலத்தில் இந்த உடன்படிக்கை முறியாமல் காக்க நல்லெண்ணம் ஒன்றே போதாது. விழிக்க விரும்புகிறவர்க்குப் போக்கிடம் வேண்டும். நேரு பல்கலைக்கழக நூலகத்தில் இரவெல்லாம் திறந்திருக்கும் படிப்பறை உண்டு. பெண்கள் விடுதிகள் பலவற்றிலோ முன்னிரவிலேயே வாயில் பூட்டப்பட்டுவிடுவதால், படிக்கிறவள் தோழியின் தலைமாட்டிலேயே விளக்கெரிக்க நேர்கிறது. 2015-இல் தில்லி மாணவிகள் 'பிஞ்சரா தோட்' என்ற பெயரில் அப்பூட்டுகளை எதிர்த்துக் கிளர்ந்தபோது, சுதந்திரத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். உறங்க விரும்பிய பெண்ணுக்கும் அதில் நியாயம் இருந்ததென்று எவரும் கூறி நான் கேட்டதில்லை. அண்ணன் மகளின் விடுதியில் தரைத்தளத்துத் தொலைக்காட்சிக் கூடம் இரவு ஒன்பதுக்குமேல் பூட்டியே கிடக்கிறது. அதைப் படிப்பறையாக விடியும்வரை திறந்துவைக்கும்படி இரு பெண்களும், அவர்கள் தளத்திலுள்ள மற்றவர்களும் கையொப்பமிட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். காப்பாளரின் பதில் அடுத்த வாரம் வரக்கூடும்.