அல்ட்ராவைட் ஓலெட் மானிட்டர்: கேம்ஸுக்கு சரி, வேலைக்கு?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் பலருக்கும் எழும் ஆசை இது. கேம்ஸ் விளையாட வேண்டும், வீடியோ எடிட்டிங்கும் செய்ய வேண்டும், இரண்டுக்கும் ஒரே அல்ட்ராவைட் ஓலெட் மானிட்டர். எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் திரையில் அசையாமல் நிற்பது எது? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறது?

காரணம் இருக்கிறது. சாதாரண எல்.சி.டி. மானிட்டரில் பின்னால் ஒரு விளக்கு எரியும். ஓலெட்டில் ஒவ்வொரு பிக்ஸெலும் தானே ஒளிரும். கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடும். இருட்டுக் காட்சிகள் அவ்வளவு அழகாகத் தெரிவது இதனால்தான். ஆனால் அதிகம் ஒளிரும் பிக்ஸெல் சீக்கிரம் தேயும். டாஸ்க் பார், எக்ஸெல் கட்டங்கள், எடிட்டிங் சாப்ட்வேரின் மெனுக்கள் எல்லாம் ஒரே இடத்தில் நாள் முழுக்க நின்றால், நாளடைவில் அவற்றின் நிழல் திரையில் தங்கிவிடும். இதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். கேமில் காட்சி மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

அடுத்தது எழுத்து. விண்டோஸின் கிளியர்டைப் வசதி, ஒரு பிக்ஸெலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் வரிசையாக நிற்கும் என்று எண்ணி எழுத்தை வரைகிறது. சாம்சங் தயாரிக்கும் க்யூடி-ஓலெட் பேனல்கள் பலவற்றில் இவை முக்கோணமாக நிற்கும். எல்.ஜி.யின் பேனல்கள் பலவற்றில் வெள்ளையும் நடுவே சேரும். விளைவு, எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வண்ணக் கசிவு. சிறிய அளவில் தமிழ் டைப் செய்தால் சுழிகளின் ஓரத்தில் இது கண்ணை உறுத்தும். நேர் வரிசை பேனல்களும் வரத் தொடங்கியுள்ளன, வாங்கும்முன் கேளுங்கள்.

எனக்குப் பிடித்த அளவு 34 அங்குலம், 3440 x 1440 பிக்ஸெல். 2022ல் டெல் வெளியிட்ட ஏலியன்வேர் ஏடபிள்யு3423டிடபிள்யு இந்த வகையில் முன்னோடி. பர்ன்-இன்னுக்கும் சேர்த்து 3 ஆண்டு வாரண்டி கொடுத்தார்கள். நீங்கள் எந்தக் கம்பெனி மானிட்டரை வாங்கினாலும் வாரண்டி அட்டையில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு மாடலுக்குப் போங்கள். இந்த அளவில் ஓர் அங்குலத்துக்கு சுமார் 110 பிக்ஸெல் கிடைக்கிறது. எடிட்டிங் டைம்லைன் நீளமாக விரியும். ஒரு குறை, அறையில் வெளிச்சம் அதிகமிருந்தால் க்யூடி-ஓலெட்டின் கறுப்பு, சாம்பல் ஊதாவாக வெளுத்துத் தெரியும். ஜன்னலுக்கு எதிரே மேஜை போட்டிருப்பவர்கள் யோசிக்கவும்.

2023ல் வந்த 45 அங்குல எல்.ஜி. மாடலைப் பார்த்து மயங்காதீர்கள். அதே 3440 x 1440 பிக்ஸெலை இழுத்துப் பரப்பியிருக்கிறார்கள். அங்குலத்துக்கு 84 பிக்ஸெல்தான். சாதாரண 24 அங்குல புல் ஹெச்.டி. மானிட்டரிலேயே 92 இருக்கிறது! வளைவும் அதிகம், 800ஆர் என்பார்கள். கார் ரேஸுக்கு அது சுகம். நேர்கோடு வரைய வேண்டிய டிசைன் வேலைக்கு, கோடு நேரா வளைவா என்றே சந்தேகம் வரும். 2025ல் வந்த 5120 x 2160 மாடல் எழுத்துக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் 1 கோடியே 10 லட்சம் பிக்ஸெலை நிரப்ப வேண்டும், இது 4கே திரையைவிட அதிகம். நடுத்தர கிராபிக்ஸ் கார்ட் திணறும்.

போட்டோ, வீடியோ செய்பவர்கள் மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடைத் தேர்ந்தெடுத்து வேலை செய்யவும். இல்லையென்றால் வண்ணங்கள் உங்கள் திரையில் தூக்கலாகத் தெரியும். நீங்கள் குறைத்து வைப்பீர்கள். மற்றவர் திரையில் முகமெல்லாம் வெளிறிப் போகும்.

பாதி நாளுக்கு மேல் எக்ஸெல், டைப்பிங், புரோகிராமிங் என்றால் என் கருத்து தெளிவு: ஐ.பி.எஸ். அல்ட்ராவைட் வாங்குங்கள், மிச்சப் பணத்தில் கிராபிக்ஸ் கார்ட் போடுங்கள். நாள் முழுக்க புரோகிராம் எழுதும் நான் அதைத்தான் செய்வேன். மாலையில் கேம்ஸ், வாரக் கடைசியில் எடிட்டிங் என்பவர்கள் 34 அங்குல ஓலெட்டை தைரியமாக வாங்கலாம்.

வாங்கியபின் டாஸ்க் பாரை தானாக மறையும்படி அமையுங்கள். வால்பேப்பர் கறுப்பாக இருக்கட்டும். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடும் பழக்கம் உண்டு. ஓலெட் மானிட்டர், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் பிக்ஸெல்களைச் சீர்செய்துகொள்ளும். அது முடியும்வரை சில நிமிடங்கள் மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள்.