லப்டொப் வைச்சிருக்கிறவர்தான் கதைசொல்லியா?

முதல்லயே சொல்லிப்போடுறம்: நாங்கள் கணினிக்கு எதிரிகள் இல்லை. இந்தக் கட்டுரையும் ஒரு லப்டொப்பிலதான் தட்டச்சானது. எங்கட சண்டை வேற. மேசையைச் சுற்றியிருந்து கதை சொல்லி விளையாடுகிற ஒரு விளையாட்டில், கதை சொல்லத் தெரிந்தவரை ஓரத்துக்குத் தள்ளிப்போட்டு, லப்டொப் வைத்திருப்பவர் நடுவில் வந்து குந்துகிறார். அதோடதான் சண்டை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1974இல் அமெரிக்காவில் கெரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை மூன்று சின்னப் புத்தகங்களாகக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "ஆறு கரைபுரண்டு போகுது, தோணிக்காரர் வரமாட்டன் எண்டுறார். என்ன செய்யப்போறீங்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். பாத்திரங்கள் பதில் சொல்லும். அது சரிவருமா வராதா என்று தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள். காகிதம், பென்சில், பகடை, நாலைந்து பேர். வேறொன்றும் தேவையில்லை.

பிறகு மென்பொருள்கள் வந்தன. 2004இல் 'ஃபான்டசி கிரவுண்ட்ஸ்', 2012இல் 'ரோல்20', 2020இல் 'ஃபவுண்ட்றி'. வரைபடத்தைத் திரையில் விரிக்கும், பகடையைத் தானே உருட்டும், கூட்டிக் கழித்து விடையும் சொல்லும். தூரத்தில் இருக்கிறவர்கள் சேர்ந்து விளையாடத்தான் இவை முதலில் உதவின. கொரோனாக் காலத்தில் எல்லாரும் தூரத்தில் இருந்ததால் எல்லாருக்கும் பழகிப்போச்சு. இப்ப ஒரே விறாந்தையில் முழங்கால் முட்ட இருக்கிறவர்களும் திரையைப் பார்த்துத்தான் விளையாடுகிறார்கள். "விளையாடுவமா?" எண்டு கேட்டால் முதலில் வாற கேள்வி, "ஆரிட்ட லப்டொப் இருக்கு?"

வெருகலில் அந்தக் கேள்விக்குப் பதில் என்ன? வெளிநாட்டில் உழைக்கிற அண்ணனோ மாமாவோ உள்ள வீட்டில் ஒன்று இருக்கும். கம்பஸ் போன பொடியனிடம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் பொடியன்களிடம்தான். எங்கள் வட்டத்தில் கதை சொல்லுவதில் கெட்டிக்காரி ஒருத்தி இருக்கிறாள். தாயின் போனை இரவல் வாங்கித்தான் அவள் வட்ஸ்அப் பார்ப்பாள். லப்டொப் இல்லாமல் விளையாட்டு இல்லை என்று நாங்கள் முடிவெடுத்தால், அவள் எந்த நாளும் கதைசொல்லியாக இருக்கப்போவதில்லை. அவளை விலக்கவேணும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மென்பொருளைக் கட்டாயமாக்கினால் போதும், அது தானே நடந்துவிடும்.

காசுக் கணக்கையும் பாருங்கள். ஃபவுண்ட்றி உரிமம் 50 அமெரிக்க டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் 15,000 ரூபாய். "நடத்துகிற ஒராள் மட்டும் வாங்கினால் போதும், மற்றவர்கள் சும்மா சேரலாம்" என்று இதை ஒரு நன்மையாகச் சொல்லுகிறார்கள். எங்களுக்கு இதுதான் பிரச்சினையே. அந்த ஒராள் ஆர் என்பதைத் தீர்மானிப்பது பணம்.

எங்கட மண்ணில் இதற்கு வேறொரு முறை இருந்தது. ஆற்றுக்கு அங்கால மட்டக்களப்பிலும் இங்கால எங்கள் பக்கத்திலும் கூத்துப் பழக்கினவர் அண்ணாவியார். மத்தளம் ஆருடையது என்று பார்த்து அண்ணாவியாரைத் தெரிவுசெய்யவில்லை. பாட்டும் தாளமும் ஆட்டமும் அவருக்குள் இருந்தன, ஊர் அதை அறிந்திருந்தது. களரியில் ஏடு பார்க்கிறவர் ஒருவரும் இருந்தார். ஆடுகிறவருக்கு வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பார். அவர் தேவையான ஆள்தான், ஆனால் கூத்தை நடத்தினவர் அவர் இல்லை. லப்டொப்புக்கும் அந்த ஏட்டின் இடத்தைக் கொடுப்பம். பெயர் மறந்தால், விதி மறந்தால் பார்ப்பம். பார்த்துவிட்டு மூடுவம்.

"மென்பொருள் எண்டால் கணக்குக் கெதியா முடியும்" என்பது அடுத்த வாதம். முடியும்தான். ஆனால் பகடை மேசையில் உருண்டால் எல்லாரும் பார்க்கிறார்கள், எல்லாரும் கூட்டுகிறார்கள். "ஏன் ரெண்டு கூட்டினனி?" என்று பதின்மூன்று வயசுக்காரியும் கேட்கலாம். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் விதி எல்லாருக்கும் சொந்தமாகுது. பிடிக்காவிட்டால் அந்த இடத்திலேயே கைதூக்கச் சொல்லி மாற்றலாம். மென்பொருளில் விடை மட்டும் வந்து விழுகிறது. தட்டிப்பார்த்தால் கணக்குத் தெரியும்தான், ஆனால் எலி ஒருவருடைய கையில்தானே இருக்கு! விதியை மாற்ற வேணுமென்றால் அதற்கொரு மொடியூல் தேடவேணும், இல்லாட்டி ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஆளைத் தேடவேணும்.

இன்னொன்று கொஞ்சம் பாரமான விசயம். இந்த மென்பொருள்களைத் திறந்தவுடன் என்ன தெரிகிறது? கட்டம் போட்ட நிலம், சுவர், ஆளுக்கொரு வில்லை, எவருக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்ற கணக்கு, ஆர் முதல் அடிப்பது என்ற வரிசை. எல்லாம் சண்டைக்கான ஏற்பாடு. சமாதானம் பேச, ஒரு கிழவியிடம் வழி கேட்க, செத்தவருக்காக அழ அங்கே பொத்தான் கிடையாது. அதையெல்லாம் வாயால் செய்யலாம்தான். ஆனால் பொத்தான் இருக்கிற பக்கம்தான் கை போகும். கதை மெல்ல மெல்லச் சண்டையாகச் சுருங்கும். 2006இல் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுச் சனங்கள் செல்லடிக்குத் தப்பி வாகரைப் பக்கம் ஓடின கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சண்டையே விளையாடக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எப்ப சண்டை, எப்ப சண்டையில்லை என்பதை எங்கள் வாய் தீர்மானிக்கட்டும் என்கிறோம்.

படங்களும் அப்படித்தான். ஆயத்தமாகக் கிடைப்பதில் பெரும்பகுதி ஐரோப்பியக் கோட்டை, நிலவறை, பனிமலை. குளக்கட்டும் களப்பும் வயல்வாடியும் வேணுமென்றால் நாங்களே கீறி ஏற்றவேணும். கீறத்தான் போகிறோமென்றால் மணலில் ஒரு தடியால் கீறினால் என்ன குறை?

இரவல் மேசையை நம்பவும் ஏலாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் உரிமையாளரான விசாட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனமே 'சிஜில்' என்ற முப்பரிமாண மேசை ஒன்றைக் கட்டி 2025இல் வெளியிட்டது. சில வாரங்களுக்குள் அதைச் செய்த குழுவில் பெரும்பகுதியினரை வேலையை விட்டு நிறுத்தியது. மின்சாரத்தையும் நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் முழு நாடும் இருட்டானது என்று அமைச்சரே சொன்னார். குப்பி விளக்கிலும் பகடை உருளும்.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் நாங்கள் முழுமனதாக ஏற்கிறோம். கட்டாரில் வேலை செய்கிற, கனடாவுக்குப் போன கூட்டாளிகள் இருக்கிறார்கள். இரவு வேலை முடிந்து வந்து, எங்களோட ஒரு மணித்தியாலம் கதைக்குள் இருந்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். அவர்களுக்கு மென்பொருள்தான் பாலம். அந்த விளையாட்டை அப்படியே நடத்துவோம். கால் நடக்க ஏலாதவர்களுக்கும், வீட்டைவிட்டு வெளிக்கிட ஏலாதவர்களுக்கும் அதே நியாயம்தான். தூரத்துக்காகச் செய்த கருவியைத் தூரம் இருக்கும் இடத்தில் பாவிப்போம். ஒரே பாயில் இருக்கிறவர்களுக்கு நடுவில் அதைக் கொண்டுவந்து வைத்தால் இல்லாத தூரம் உண்டாகும்.

அப்ப என்ன செய்வது? மூன்று விசயம் சொல்லுறம்.

ஒன்று, கதைசொல்லி முறை வைத்து மாறவேணும். லப்டொப் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நிற்கவேணும்.

இரண்டு, இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். 1 முதல் 20 வரை எழுதின துண்டுகளை ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த துண்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு, பகடையில் உள்ளது போலவே.

மூன்றாவதுதான் பெரிய வேலை. 2023 ஜனவரியில் அதே நிறுவனம் விளையாட்டின் உரிம நிபந்தனைகளை இறுக்கப் பார்த்தது. உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த மாதம் 27ஆம் திகதி நிறுவனம் பின்வாங்கி, 400 பக்கமளவிலான அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், ஆரும் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானியப் பதிப்புகளை நிறுவனமே வெளியிட்டது. அதன் பட்டியலில் தமிழ் இல்லை. நாங்கள் செய்யலாம், ஆரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. உரிமத்துக்குப் போகிற அந்த 15,000 ரூபாயை ஃபோட்டோகொப்பிக்குப் போட்டால் எத்தனை பேரின் கையில் தமிழ் விதி இருக்கும் என்று கணக்குப் பாருங்கள்.

400 பக்கத்தையும் ஒரேயடியாகச் செய்யத் தேவையில்லை. ஒரு பாத்திரத்துக்கு நேரக்கூடிய 15 நிலைமைகள் அதில் உண்டு: பயந்தவர், விழுந்துகிடப்பவர், விறைத்துப்போனவர், நஞ்சேறியவர், மயங்கியவர் என்று. முதலில் அந்தப் பதினைந்துக்கும் தமிழ்ச் சொல் பிடிப்போம். 'விறைத்துப்போனவர்' சரியா, வேற சொல் இருக்கா? உங்கட அம்மம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். லப்டொப் உள்ளவர்கள் தட்டச்சு செய்து தாருங்கள், அதற்கு அது நல்ல கருவி.